வானத்திலிருந்து வருமா விடிவு?

வேற்றுக்கிரகத்தான் தமிழ்த் திரைக்குப் புதியவன் அல்லன். 1963-இலேயே ‘கலை அரசி’யில் வந்தவன்தான்! கலை கற்பிக்கப் பானுமதியைத் தூக்கிச் சென்றான். மீட்கப் போனார் எம்.ஜி.ஆர். 2024 பொங்கலுக்கு, ரவிகுமார் இயக்கிய ‘அயலான்’ படத்திலோ பூமியைக் காக்க வந்தான். காரணம்? இலாப வெறி பிடித்த முதலாளி ஒருவன் நிலத்தை ஆழத் துளைத்து வாயு எடுக்கத் துணிகிறான். உலகம் அழிந்தாலும் அவனுக்குக் கவலையில்லை!

வரைகலை நேர்த்தி, குழந்தைகளுக்கு விருந்து என்றனர் விமர்சகர் சிலர். பழகிய கதை என்று உதட்டைப் பிதுக்கினர் வேறு சிலர். பழகிய கதைதான்! 1984-இல் போபாலில் நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது திரையிலா? 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் உழவர்கள் திரண்டது கற்பனையா?

நமது குறை வேறு. ஒரு நாயகனும் ஒரு விண்ணவனும் சேர்ந்து வில்லனை வீழ்த்திவிடுகிறார்கள். மக்கள் எங்கே? சங்கம் எங்கே? புதுவையின் வரலாறு அப்படி இல்லையே! 1936 ஜூலை 30 அன்று இங்கே பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். அவர்கள் சிந்திய செந்நீருக்குப் பின்னரே 8 மணி நேர வேலை உரிமை கிடைத்தது. பறக்கும் தட்டு எதுவும் அதைக் கொண்டுவந்து இறக்கவில்லை!

பிள்ளைகளோடு படம் பாருங்கள், தோழர்களே! சிரியுங்கள், மகிழுங்கள். வீடு திரும்பும் வழியில் அந்தப் பன்னிருவர் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.