தண்ணி நல்லா விழுது சார், ஆனா…

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவருக்கு வரும் போன்களில் பாதிக்கு வணக்கமும் கிடையாது, நலம் விசாரிப்பும் கிடையாது. எடுத்த எடுப்பில் ஒரே கேள்விதான்: "தண்ணி விழுதா?" விழுது என்றால் ரூம் வாடகை கேட்பார்கள். இல்லை என்றால் போனை வைத்துவிடுவார்கள். ஊரின் மொத்த வியாபாரமும் இந்த ஒற்றைக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

2020-இல் இந்தக் கேள்விக்கு வந்த பதிலைக் கேளுங்கள். "தண்ணி நல்லா விழுது சார். ரூமும் இருக்கு. ஆனா குளிக்க விட மாட்டாங்க." மறுமுனையில் இருப்பவர் சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். லாட்ஜ்காரரும் அப்படித்தான்!

மார்ச் 25-இல் கொரோனா ஊரடங்கில் நாடு மொத்தமும் முடங்கியபோது பேரருவிக்குப் போகும் வழியும் அடைபட்டது. ஜூன் வந்தது, தென்மேற்குப் பருவக்காற்று வந்தது, சாரலும் வந்தது. ஐந்தருவி ஐந்து கிளையாய்க் கொட்டியது, பழைய குற்றால அருவி இரைந்தது. பார்க்க ஆளில்லை. அருவிக்குப் பூட்டுப் போட முடியாது, அருவிக்குப் போகும் பாதைக்குத்தான் போட முடியும் என்று அந்த வருஷம்தான் ஊருக்கு உறைத்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதம் சம்பாதித்து மிச்ச மாதங்களைத் தள்ளும் ஊர் இது. அந்த மூன்று மாதமும் கண்ணெதிரே தண்ணீராய் ஓடிச் சிற்றாற்றில் கலந்தது.

பிறகு தளர்வுகள் வந்தன. எப்படி வந்தன என்பதில்தான் வேடிக்கை. முதலில் சாப்பாடு: ஜூன் 8 முதல் சென்னையும் அதைச் சுற்றிய மூன்று மாவட்டங்களும் தவிர மற்ற இடங்களில் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடலாம், பாதி இருக்கை, ஏ.சி. கூடாது. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் ஞாயிறு தோறும் முழு ஊரடங்கு. குற்றாலத்துக்கு ஞாயிறு இல்லையென்றால் வாரமே இல்லை! அடுத்து படுக்கை: செப்டம்பர் 1-இல் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம், லாட்ஜ்களும் திறக்கலாம் என்றார்கள். குளியல் மட்டும் கடைசி. டிசம்பர் 15-இல்தான் அருவிக்கரைக்கு ஆளை விட்டார்கள். சாப்பிடலாம், தூங்கலாம், குளிக்கக் கூடாது என்று மூன்றரை மாதம் நடந்த குற்றாலத்தை நினைத்துப் பாருங்கள்.

சரி, வாசலைத் தாண்டி உள்ளே வாருங்கள். விருந்தாளி பார்க்கவே கூடாத காட்சிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

மூன்று மாடி லாட்ஜ் ஒன்று, இருபது முப்பது அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதம் பூட்டிக் கிடந்த முதல் அறையைத் திறந்தால் முகத்தில் அறைவது வாடை. சாரல் ஊரில் ஈரம் சுவரோடு குடித்தனம் நடத்தும், ஆள் இல்லாவிட்டால் மெத்தைக்குக் குடிபெயர்ந்துவிடும். மெத்தையின் அடிப்பக்கம் கறுப்புப் புள்ளி, தலையணையில் பூஞ்சணம். அலமாரியில் மடித்து வைத்த வெள்ளை விரிப்புகளில் மடிப்புக் கோடு மட்டும் மஞ்சளாய் ஓடுகிறது, விரித்தால் கட்டம் போட்ட கணக்கு நோட்டு! குழாயைத் திறந்தால் முதலில் காற்று, பிறகு ஒரு இருமல், பிறகு டீ நிறத்தில் தண்ணீர். கீஸர் வேலை செய்யாது, ரிமோட்டுக்குள் பேட்டரி கசிந்து உப்புப் பூத்திருக்கும், டி.டி.எச். எப்போதோ காலாவதி. பூட்டுகளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு விட்டு மேனேஜரின் சட்டைக் கை பூராவும் எண்ணெய்.

இதோடு குரங்குகளின் ராஜ்ஜியம் வேறு. சுற்றுலாக்காரர் கையிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டைப் பறித்தே பழகியவை அவை. ஆள் வரத்து நின்றதும் பால்கனி, தண்ணீர்த் தொட்டி மூடி, ஜன்னல் வலை என்று ஒவ்வொன்றாய்ச் சோதித்துப் பார்த்தன. வலை கிழிந்த அறைக்குள் போனால் யார் தங்கிப் போனார்கள் என்று ரெஜிஸ்டரைப் பார்க்க வேண்டியதில்லை.

வெயில் தலைகாட்டிய அன்றைக்கு மொட்டை மாடியைப் பார்த்திருக்க வேண்டும். வரிசையாய் மெத்தைகள்! ஒருவர் பிரம்பால் அடிக்க, ஒருவர் புரட்டிப் போட, கீழிருந்து "ஏ, மழை இருட்டுதுலே!" என்று ஒரு குரல். அவ்வளவுதான். எல்லா மெத்தையும் அலறியடித்துக்கொண்டு படியிறங்கும். அரை மணி நேரத்தில் வெயில் வந்து மறுபடியும் மாடியேறும். சாரல் ஊரில் மெத்தை காய வைப்பது முழுநேர வேலை.

அப்புறம் அரசாங்கத்தின் நெறிமுறைகள். ஜூன் தொடக்கத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் ஹோட்டல்களுக்கென்று நீளமாக ஒன்று வெளியிட்டது. ஏ.சி. 24-இலிருந்து 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். துணி நாப்கினுக்குப் பதில் காகித நாப்கின் வேண்டும். பெட்டிகளைக் கிருமிநீக்கம் செய்த பிறகே அறைக்கு அனுப்ப வேண்டும். விருந்தாளியும் ரூம் சர்வீஸும் பேசிக்கொள்வது இன்டர்காமில் இருக்க வேண்டும். பெரிய நட்சத்திர ஹோட்டலை மனசில் வைத்து எழுதியது என்று படிக்கும்போதே தெரியும். எங்கள் ஊர் லாட்ஜில் இன்டர்காம் என்பது என்ன? பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, நாலு டீ!" என்று ஒரு சத்தம். நாலு டீயும் வந்துவிடும்.

பெட்டிக்குக் கிருமிநாசினியா? வயலுக்கு மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பான் வந்தது. அதை மாட்டிக்கொண்டு ரூம் பையன் வாசலில் நின்றால், காரிலிருந்து இறங்குகிற குடும்பம் ஒரு அடி பின்வாங்கும். ப்ளீச்சிங் கலவை கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் புதுப் பையில் வெள்ளைத் திட்டு விழும், அதற்கொரு சண்டை. நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானித் துப்பாக்கி இன்னும் தமாஷ். சாரலில் நனைந்து வந்த நெற்றியில் அது 33, 34 என்று காட்டும். ரெஜிஸ்டரில் அதையே எழுதினால் ஆள் உயிரோடுதான் இருக்கிறாரா என்று அதிகாரி கேட்பார். துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் ஒருமுறை சுட்டு, எண் ஒழுங்காய் வந்த பிறகே பேனா ஓடும்.

பரோட்டாக் கடைப் பின்கட்டுக்கும் ஒரு எட்டுப் போய் வந்துவிடுவோம். செங்கோட்டை தாண்டி கேரள பார்டர் பக்கம் வரை பரவிக் கிடக்கும் இந்தக் கடைகள் ராத்திரிப் பறவைகள். மத்தியானமே மாவு பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடி ஊற வைத்துவிடுவார் மாஸ்டர். பொழுது சாய்ந்தால்தான் கல் காயும். அருவியில் குளித்துப் பசியோடு வரும் கூட்டம் எட்டு மணிக்கு மேல்தான் வரும். செப்டம்பர் தளர்வில் ஹோட்டல் நேரம் என்னவென்று பாருங்கள்: இரவு எட்டு மணி வரை! கல் சூடேறி, சால்னா கொதித்து, முதல் ஈடு பரோட்டாவை அடுக்கி இரு கையாலும் தட்டி நொறுக்கும்போது ஷட்டரை இறக்கச் சொல்கிறார்கள். அக்டோபரில் ஒன்பது மணி, அப்புறம் பத்து மணி என்று நேரம் கூடியது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை கிலோ கோழி என்று மாஸ்டரிடம் கேட்டால் விரல் விட்டுச் சொல்வார்.

பார்சல் இருந்ததே என்பீர்கள். இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்துப் பரோட்டா முறுகலாய், உள்ளங்கை அளவில், எண்ணெயில் பொரிந்து வருவது. இலையில் கட்டிக் கவரில் போட்டால் பத்து நிமிஷத்தில் தன் ஆவியிலேயே வெந்து தொளதொளவென்று ஆகிவிடும். சால்னாக் கவரை ரப்பர் பேண்டு போட்டு ஊதி முடிச்சிடும் வித்தையில் மாஸ்டர்கள் தேறினார்கள், பரோட்டாவை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. இன்னொரு கூத்து: கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய சானிட்டைசர் பாட்டிலை ஒரு கடையில் அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். ஸ்பிரிட் தீப்பிடிக்கும் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்ன பிறகு அது வாசலுக்கு நகர்ந்தது.

சிரிப்பு கொஞ்சம் இருக்கட்டும். அறை கூட்டும் அக்காமார் அந்த மாதங்களில் எங்கே போனார்கள்? மேலகரம், இலஞ்சி, வல்லம் பக்கத்துப் பெண்கள் பலர் அவர்கள். லாட்ஜில் வேலை இல்லை என்றதும் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றினார்கள், நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி எடுத்தார்கள். சமையலுக்கு ஆள் கேட்டு வரும் குடும்பங்களை நம்பிய சமையல்காரர்கள், பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர்கள், ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூடையில் வைத்து விற்கும் பழக்காரர்கள், ஏலத்தில் சீசன் கடை எடுத்தவர்கள், இவர்களுக்கெல்லாம் தளர்வு அறிவிப்புகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. வங்கிக் கடனை நம்பிய நடுத்தர ஹோட்டல்களுக்கு மத்திய அரசின் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் இருந்தது. 2021 மார்ச் கடைசியில் அது சுற்றுலா, ஹோட்டல் தொழிலுக்கும் விரிந்தது. ஆனால் ஏற்கெனவே வங்கியில் கடன் பாக்கி வைத்திருந்தவருக்குத்தான் அதில் ஒரு பங்கு மேற்கொண்டு கிடைத்தது. வங்கிப் படியே மிதிக்காமல் தண்டலுக்கு வாங்கிக் கடை போட்டவருக்கு என்ன கிடைத்தது? அடுத்த வாரத் தவணைதான். என்னைக் கேட்டால், அந்த இரண்டு வருஷத்தில் மிகவும் அநியாயமாக இருந்தது இதுதான்.

அந்த டிசம்பர் 15 எப்படி இருந்தது? மறுநாள் மார்கழி பிறக்கிறது. எட்டு மாதத்துக்கு மேல் யார் காலும் படாத படிக்கட்டில் பாசியைச் சுரண்டி, ப்ளீச்சிங் பவுடர் தூவி, தடுப்புக் கம்பி கட்டி, ஒரு தடவைக்கு இத்தனை பேர் என்று அளந்து விட்டார்கள். வரிசையில் மாஸ்க், அருவிக்கடியில் மாஸ்க் இல்லை. ஈர மாஸ்க்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் காதில் ஒரு பக்கம் தொங்கவிட்டபடி தலையை நீட்டியவர்கள் உண்டு. தலையில் தண்ணீர் விழுந்ததும் எழுந்த சத்தம் இருக்கிறதே, அது எந்தப் பருவத்திலும் கேட்காத சத்தம்!

லாட்ஜ்காரர் முகத்தில் மட்டும் அவ்வளவு சிரிப்பில்லை. ஏன் என்றால் வந்த கூட்டம் தென்காசி, கடையநல்லூர், சுரண்டைப் பக்கத்துக் கூட்டம். பைக்கில் வந்து, குளித்து, ஈர வேட்டியோடு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடும். அறை எடுக்கிறவர்கள் தூரத்து ஆட்கள். ஐயப்பன் சீசனில் வேன் வேனாய் வந்து குளித்துப் போகும் சாமிமார், அந்த வருஷம் சபரிமலையில் தொடக்கத்தில் வார நாளில் 1,000 பேர், சனி ஞாயிறில் 2,000 பேர் என்று கட்டுப்பாடு இருந்ததால் சொற்பம். மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளிகள் இந்த ஊருக்குப் பாதி உயிர், அவர்களுக்கோ எல்லையிலுள்ள புளியரைச் சோதனைச்சாவடி குறுக்கே நின்றது. அருவி நிறைந்தது, அறை நிறையவில்லை.

சரி, அடுத்த சீசனில் பார்த்துக்கொள்வோம் என்று மெத்தைக்குப் புது உறை தைத்தார்கள். 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை! மறுபடியும் பூட்டு. ஜூலை 5-இல் எல்லா மாவட்டத்துக்கும் ஒரே மாதிரித் தளர்வு வந்தது. ஆகஸ்ட் 23-இல் கடற்கரையும் தியேட்டரும் உயிரியல் பூங்காவும் திறந்தன. சென்னையில் குரங்கைக் கூண்டுக்குள் பார்க்கலாம், குற்றாலத்தில் குரங்கோடு குளிக்கக் கூடாது! கேரளத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஆகஸ்டில் ஆர்.டி.பி.சி.ஆர். சான்று அல்லது இரண்டு தவணைத் தடுப்பூசி கட்டாயம். டிசம்பர் 1-இல் கேரளத்துக்குப் பேருந்து ஓடத் தொடங்கிய பிறகுதான் லாட்ஜ்களின் போனில் மலையாளம் மறுபடியும் கேட்டது. "வெள்ளம் உண்டோ?" அதே கேள்வி, மொழிதான் வேறு.

அருவி திறந்தது டிசம்பர் 20-இல். அன்றைக்குத் திருவாதிரை, நடராஜரின் சித்திர சபை இருக்கும் ஊரில் அதைவிட நல்ல நாள் ஏது? ஆனால் அதற்குள் இரண்டு முழு சீசன் போய்விட்டது. 2022 ஜூனில்தான் குற்றாலத்துக்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு முழு சீசன் கிடைத்தது. ஹோட்டல் திறப்பது, லாட்ஜ் திறப்பது, அருவி திறப்பது மூன்றையும் தனித்தனி வேலையாகப் பார்த்த அரசாங்கக் காகிதத்துக்கு, இந்த ஊரில் மூன்றும் ஒரே வியாபாரம் என்பது கடைசி வரை புரியவில்லை.

நீங்கள் அடுத்த சீசனுக்குப் போனால் ஒன்று செய்யுங்கள். அறையைக் காலி பண்ணும்போது ரிசப்ஷனில் நீட்டும் பணம் பெரும்பாலும் ரிசப்ஷனோடு நின்றுவிடும். மெத்தையை மாடிக்கும் கீழுக்கும் சுமந்த அக்கா வராந்தாவில் வாளியோடு நிற்பார். அவர் கையில் கொடுங்கள்.