வழுக்கைத் தலையில் முடி நடலாமா?

"அக்கா, இவருக்கு முப்பத்திரண்டு வயசுதான். அதுக்குள்ள முன்நெத்தி வெறிச்சுன்னு போச்சு. முடி நட்டுக்கப் போறேன்னு ஒத்தைக் காலில் நிக்கிறார். எனக்குப் பயமா இருக்கு!"

பக்கத்து வீட்டுப் பெண் ஐந்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சொன்னாள்.

இது ஏறக்குறைய நாற்று நடவு மாதிரிதான். ஆண்களுக்கு உச்சந்தலை வழுக்கையானாலும் பின்னந்தலையில் காதுக்குக் காது ஒரு பட்டை முடி நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதை வேரோடு எடுத்து முன்னால் நட்டாலும் தன் குணம் மாறாமல் வளரும். இதை விளக்கி 1959-ல் எழுதியவர் நியூயார்க் டாக்டர் நார்மன் ஓரன்ட்ரைக்.

அந்த நாளில் 'பஞ்ச்' என்ற வட்டக் கத்தி 4 மில்லிமீட்டர் அகலம். நட்ட முடி பொம்மைத் தலை மாதிரி கொத்துக் கொத்தாக நிற்கும். சகிக்காது! இப்போது அது 1 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறுத்துவிட்டது. மரத்துப்போக ஊசி போட்டு, ஒவ்வொரு வேராக எடுத்து நடுகிறார்கள். இன்னொரு முறையில் பின்னந்தலைத் தோலையே ஒரு பட்டையாக வெட்டி, தையல் போட்டுவிட்டு, அந்தத் தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்து வேர்வேராகப் பிரிப்பார்கள். முதல் முறையில் புள்ளித் தழும்பு, இரண்டாவதில் கோட்டுத் தழும்பு. தழும்பே இல்லை என்கிற விளம்பரத்தை நம்பாதீர்கள். எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நட்ட முடி சில வாரத்தில் உதிரும். பணம் போச்சே என்று அழ வேண்டாம். வேர் உள்ளே இருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் துளிர்விடும். முழுப் பலன் தெரிய ஒரு வருஷம் ஆகும்.

கத்தி சின்னதுதான், ஆனால் அது யார் கையில் இருக்கிறது? 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். வீடியோ பார்த்துக் கற்றது போதாது, முறையாகப் பயிற்சி பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொன்னது. "கத்தி பிடிப்பது டாக்டரா, உதவியாளரா? மயக்கம், மூச்சுத் திணறல் வந்தால் பார்க்க என்ன ஏற்பாடு? இதைக் கேட்டுட்டு அப்புறம் பணம் கட்டச் சொல்லு. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சாப்பிடுகிற மாத்திரை எதையும் மறைக்கக் கூடாது" என்றேன்.

"எனக்கும் சீப்புல கொத்துக் கொத்தா வருதே அக்கா?"

"அது பிரசவத்துக்கு அப்புறம் வர்றது. ஒரு வருஷத்துக்குள்ள பெரும்பாலும் தானே சரியாயிடும். அப்புறமும் கொட்டினால் ரத்தசோகை, தைராய்டு இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டு. உனக்கு ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்!"

குழந்தை அவள் பின்னலை இழுத்து வாயில் வைத்துக்கொண்டது.