டிஷ் கார்டில் இன்டர்நெட் வராது

மேக்கரை, புளியரை, குற்றாலம் என்று மலையடிவாரத்தில் தோப்புக்குள் வீடு கட்டியிருப்பவர்களில், ஃபைபர் கேபிள் எட்டாதவர்களுக்குச் செயற்கைக்கோள் இணையம் உண்மையான தேவை. ஏமாற்றுபவர்களும் அந்தத் தேவையைத்தான் குறிவைப்பார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். மாடியில் இருக்கும் டிடிஎச் டிஷ்ஷோ, செட்டாப் பாக்ஸில் செருகும் கார்டோ இணையம் தராது. வானிலிருந்து படம் இறங்கும்; நம் வீட்டிலிருந்து ஓர் எழுத்துகூட மேலே போகாது. பணம் கட்டிய சேனல்களைத் திறந்துவிடுவது மட்டுமே கார்டின் வேலை. ஒரு காலத்தில் கம்ப்யூட்டருக்குள் பொருத்திய டிவிபி கார்டும் தரவை இறக்கத்தான் செய்தது; மேலே அனுப்பத் தொலைபேசி இணைப்பு தனியாக வேண்டியிருந்தது. "இந்தக் கார்டைப் போட்டால் மாதக் கட்டணமே இல்லாமல் நெட்" என்று யார் சொன்னாலும் காசை வெளியே எடுக்காதீர்கள்.

இருவழிச் சேவையில் இரண்டு வகை உண்டு. சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிலைத்து நிற்கும் செயற்கைக்கோள் வழியாக வருவது ஒன்று. சிக்னல் போய்த் திரும்ப அரை நொடி ஆகிவிடுவதால் வீடியோ காலில் பேச்சு இடறும். மற்றொன்று ஸ்டார்லிங்க் போன்றது; அதன் செயற்கைக்கோள்கள் மிகத் தாழ்வாகச் சுற்றுகின்றன, தாமதம் மிகக் குறைவு. ஆனால் அவை நகர்ந்துகொண்டே இருப்பதால், டிஷ்ஷுக்கு வானம் அகலமாகத் தெரிய வேண்டும். மேற்கே மலை, சுற்றிலும் தென்னை என்றிருக்கும் குற்றாலத்து வீட்டில் இதுதான் பெரிய சிக்கல். மழையைப் பொறுத்தவரை ஆனி, ஆடிச் சாரல் அவ்வளவாகக் கெடுக்காது. ஐப்பசி, கார்த்திகையில் இடியோடு கொட்டும் கனமழைதான் இணைப்பை அறுக்கும்.

இனி பண விஷயம். ஸ்டார்லிங்க் 2021இல் உரிமம் பெறாமலே இந்தியர்களிடம் 99 டாலர் முன்பணம் வாங்கியது. அந்த நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, யாரும் சந்தா கட்ட வேண்டாம் என்று எச்சரித்தது. பிறகு நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. உரிமம் கிடைத்தது 2025 ஜூனில். அந்த டிசம்பரில் அதன் இந்திய இணையதளத்தில் மாதம் 8,600 ரூபாய், கருவிக்கு 34,000 ரூபாய் என்று விலை தென்பட்டது. அது வெறும் சோதனைத் தரவு என்று நிறுவனமே மறுத்தது. அந்த விலைப் படத்தை வாட்ஸ்அப்பில் காட்டி ஒருவர் முன்பதிவு கேட்டால் நம்பாதீர்கள். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் மச்சானிடம் கருவியை வாங்கி வரச் சொல்வதும் வேண்டாம்; அனுமதியில்லாத ரேடியோ கருவியை வைத்திருப்பதே இங்கே சட்டவிரோதம்.

பணம் பறிபோனால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே முடக்க முடியும். வாங்கிய சேவை சரியில்லை என்றால் முதலில் நிறுவனத்திடம் புகார் எண் வாங்குங்கள். அங்கே தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள், அது தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தே வழக்குப் போட 2019ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ஜிஎஸ்டி எண்ணுள்ள பில், பணம் அனுப்பிய விவரம், ஏஜென்டுடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அதுவரை அழிக்காதீர்கள்.