கணக்குக்கும் மொழி உண்டு

மொழி தெரியாத ஊரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வரலாறும் இலக்கியமும் சிரமமாக இருக்கும், கணக்கு மட்டும் தப்பித்துக்கொள்ளும் என்று பலரும் நினைக்கிறோம். எண்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதானே, இரண்டும் இரண்டும் எங்கே போனாலும் நான்குதானே என்பது அந்த நினைப்பின் அடிப்படை. அமெரிக்காவிலும் இந்த நம்பிக்கை வெகுகாலம் செல்வாக்கோடு இருந்தது. அந்த நாட்டின் அரசுப் பள்ளிகளில் இன்று சுமார் 50 லட்சம் பிள்ளைகள், அதாவது ஏறத்தாழ பத்தில் ஒருவர், ஆங்கிலத்தை இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர்கள். அவர்களில் நான்கில் மூவர் அளவுக்கு ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகள். அரபு, சீனம், வியட்நாமியம் பேசும் வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். இவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கு என்ன பயிற்சி தரவேண்டும் என்று அங்கே பல பத்தாண்டுகளாக விவாதம் நடக்கிறது. அந்த அனுபவத்திலிருந்து நமக்கு வேண்டிய பாடம் ஒன்றுதான்: கணக்குக்குள் மொழி எங்கெங்கே வேலை செய்கிறது என்று கண்டுகொள்ளும் திறமையை ஆசிரியருக்குத் தரவேண்டும். அருஞ்சொல் பட்டியலைக் கொடுத்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்துவிடாது.

இதற்கான சட்ட அடித்தளம் சான்ஃபிரான்சிஸ்கோவில் விழுந்தது. அந்நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளிப் பிள்ளைகள் சுமார் 1,800 பேர் எந்தத் தனி உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தரப்பில் தொடுக்கப்பட்ட 'லாவ் எதிர் நிக்கல்ஸ்' வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே கட்டடமும் ஒரே புத்தகமும் ஒரே ஆசிரியரும் கொடுத்துவிட்டதாலேயே எல்லாப் பிள்ளைகளையும் சமமாக நடத்தியதாகிவிடாது என்பது அதன் சாரம். பிறகு மாநிலங்கள் ஆசிரியர் பயிற்சிக்கு விதிகள் வகுத்தன. ஃபுளோரிடாவில் 1990இல் நீதிமன்றத்தின் முன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இத்தகைய பிள்ளைகளுக்கு ஆங்கில மொழிப்பாடம் நடத்துபவர் 300 மணி நேரப் பயிற்சி பெறவேண்டும். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியருக்கு 60 மணி நேரம் போதும். மாசசூசெட்ஸ் 2012இல் கணக்கு உள்ளிட்ட முதன்மைப் பாட ஆசிரியர்களுக்குத் தனிச் சான்றிதழையே கட்டாயமாக்கியது. கணக்கு ஆசிரியரையும் இந்தப் பொறுப்புக்குள் கொண்டுவந்தது பெரிய முன்னேற்றம். ஆனாலும் பலவகைப் பாட ஆசிரியர்களை ஒரே வகையில் அடக்கி, ஒரே அளவு பயிற்சி வைத்தபோது, கணக்கின் மொழிக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு என்பது பின்னுக்குப் போய்விட்டது.

அந்தச் சிக்கல் எவ்வளவு ஆழமானது என்பதற்கு அல்ஜீப்ராவில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 'இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள்' என்று பொருள்படும் ஒற்றை ஆங்கில வாக்கியத்தைச் சமன்பாடாக எழுதச் சொல்லி, 1980களின் தொடக்கத்தில் ஜான் கிளமென்டும் அவருடைய சகாக்களும் பொறியியல் முதலாண்டு மாணவர்களைச் சோதித்தார்கள். 37 சதவீதம் பேர் தவறாக எழுதினார்கள். மாணவர் எண்ணிக்கை பேராசிரியர் எண்ணிக்கையின் ஆறு மடங்கு என்று எழுதுவதற்குப் பதிலாக, மாணவர் எண்ணிக்கையை ஆறால் பெருக்கினால் பேராசிரியர் எண்ணிக்கை வரும் என்று தலைகீழாக எழுதியவர்களே அவர்களில் அதிகம். ஆங்கில வாக்கியத்தில் சொற்கள் வந்த வரிசையிலேயே குறியீடுகளை அடுக்கியது அதற்கு ஒரு காரணம். பொறியியல் படிக்க வந்தவர்களையே வாக்கிய அமைப்பு தடுக்கிவிடும் என்றால், அந்த மொழியை அரைகுறையாக அறிந்த பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? ஜமால் அபேதியும் கரோல் லார்டும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. தேசிய மதிப்பீட்டுத் தேர்வின் எட்டாம் வகுப்புக் கேள்விகளை எடுத்து, எண்களையும் கணக்கையும் தொடாமல், செயப்பாட்டு வினை, நீண்ட நிபந்தனைத் தொடர், பழக்கமில்லாத சொல் போன்ற மொழிக் கூறுகளை மட்டும் எளிமைப்படுத்திக் கொடுத்தார்கள். மதிப்பெண் சற்றே உயர்ந்தது. ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அதில் கூடுதல் பலன். கணக்கு தெரியவில்லை என்று நாம் முத்திரை குத்தும் பிள்ளைகளில் சிலருக்குக் கேள்விதான் புரியவில்லை.

அப்படியானால் வாக்கியங்களை வெட்டிவிட்டு வெறும் எண்களைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். தேர்வுத்தாளுக்கு அந்த யோசனை ஓரளவு பொருந்தும். கூட்டல் தெரியுமா என்று சோதிக்கும் கேள்வியில் இலக்கணப் புதிர் தேவையில்லை. வகுப்பறைக்கு அது ஆபத்தானது. வாக்கியத்தை எடுத்துவிட்ட கணக்கில் மிஞ்சுவது செய்முறைப் பயிற்சி மட்டுமே. ஏன், எப்படி என்ற கேள்விகள் மற்றப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டுவிடும். 2010இல் வந்து பல மாநிலங்கள் ஏற்ற பொதுப் பாடத்தரம், காரணம் காட்டி வாதிடுவதையும் பிறர் வாதத்தை எடைபோடுவதையும் கணிதத் திறமையாகவே வைக்கிறது. இதற்குக் குறையற்ற ஆங்கிலம் தேவையா என்பதைத்தான் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜூடிட் மொஷ்கோவிச் ஆராய்ந்தார். அவர் கவனித்த ஒரு மூன்றாம் வகுப்பில், இணைகோடு என்பதை விளக்க முயன்ற பிள்ளை, உடைந்த ஆங்கிலத்தில், எவ்வளவு தூரம் போனாலும் அவை ஒன்றுசேராது என்ற கருத்தைச் சொல்லிவிடுகிறது. இலக்கணம் பிழை, கணிதம் சரி. ஆசிரியர் அந்த இடத்தில் இலக்கணத்தைத் திருத்தினால் பேச்சு நின்றுபோகும். அதே கருத்தைக் கணித வழக்கில் தாம் ஒருமுறை எடுத்துச்சொல்லி, மேலே கேட்டால் பிள்ளைக்குக் கணிதமும் வளரும், ஆங்கிலமும் வளரும். எதைத் திருத்துவது, எதை வளர்ப்பது என்று அந்த நொடியில் முடிவெடுக்கத் தெரிவதே பயிற்சியின் உயிர்.

அந்தப் பழக்கம் பொதுவான மொழிப் பயிலரங்குகளில் வராது. கணக்கை வைத்துத்தான் வரும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவொன்று 2017இல் தொகுத்த கணித மொழி வழிமுறைகள் இதற்கு நல்ல மாதிரி. அவற்றில் ஒன்று, வாக்கியக் கணக்கை மூன்று முறை படிப்பது. முதல் முறை என்ன நடக்கிறது என்பதற்காக, இன்னொரு முறை கேள்வி எது என்பதற்காக, மற்றொரு முறை எந்தெந்த அளவுகள் வருகின்றன, அவற்றுக்குள் என்ன உறவு என்பதற்காக. கண்ணில் பட்ட எண்களை எடுத்துக் கூட்டியோ பெருக்கியோ விடை எழுதிவிடும் அவசரம் இதில் அடங்குகிறது. பயிற்சிக்கு வரும் ஆசிரியர் தாம் அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தையே எடுத்து, பிள்ளை எங்கே தடுமாறும் என்று குறிக்கவேண்டும். மாணவர் பேச்சின் பதிவைக் கேட்டு, அதில் எது மொழித் தடை, எது கணிதக் குழப்பம் என்று பிரித்துப் பழகவேண்டும்.

முதலில் ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்ளட்டும், கணக்கு பிறகு என்பார்கள் சிலர். கனடிய ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் இதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டார். அன்றாடப் பேச்சு ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும். பாடம் படிக்கும் அளவுக்கான மொழி வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகும். ஐந்தாம் வகுப்பில் வந்து சேர்ந்த பிள்ளையைக் காத்திருக்கச் சொன்னால் பின்னமும் அல்ஜீப்ராவும் கைநழுவிப் போயிருக்கும். ஏற்கெனவே பாடத்திட்டத்தை முடிக்கத் திணறும் ஆசிரியர் மேல் இன்னொரு சுமையா என்ற கேள்வியில் நியாயம் அதிகம். தனிப் பயிலரங்கு, தனிப் படிவம் என்று வைத்தால் அது சுமைதான். கேள்வியைப் பொறுமையாகப் படிக்க வைப்பதும், பிள்ளையின் விளக்கத்தைக் காதுகொடுத்துக் கேட்பதும் அன்றாடக் கணக்குப் பாடத்தின் பகுதிகள். பேராசிரியர் கணக்கில் தடுக்கி விழுந்தவர்களைப் பார்த்தால், மொழி தெரிந்த பிள்ளைகளுக்கும் அவை தேவை என்பது விளங்கும்.

இந்த விவாதம் நம் வீட்டு வாசலுக்கும் வந்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளை அங்கே கணக்கை ஆங்கிலத்தில் சந்திக்கிறது. தமிழில் 'ஒரு எண்ணைவிட 5 குறைவு' என்னும்போது எண் முதலில் வருகிறது, குறைப்பது பின்னால். சமன்பாட்டிலும் அதே வரிசை. ஆங்கிலத்தில் 'ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர்' என்று ஐந்து முன்னால் வந்துவிடும். 'நான்கில் மூன்று' என்று கீழெண்ணிலிருந்து தொடங்கும் தமிழ்ப் பின்னம், ஆங்கிலத்தில் மேலெண்ணிலிருந்து தொடங்குகிறது. ஆசிரியருக்கும் தமிழ் தெரியும் என்பது அமெரிக்க ஆசிரியர் பலருக்கு இல்லாத வசதி. வகுப்பில் தமிழ் கலப்பதைக் குற்றமாக எண்ணாமல், எந்த இடத்தில் தமிழில் விளக்கி எந்த இடத்தில் ஆங்கிலத்துக்குக் கடப்பது என்று திட்டமிட்டுச் செய்ய அவருக்குப் பயிற்சி வேண்டும். ஆங்கில வழியை விரும்பிச் சேர்க்கும் பெற்றோர் கேட்பது ஆங்கிலமும் கணக்கும் சேர்ந்தே. கேள்வி புரியாமல் விதியை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இரண்டும் கிடைப்பதில்லை. பயிற்றுமொழியை மாற்றும் அரசாணையோடு, அந்த மொழியில் கணக்கு நடத்தும் பயிற்சியும் வந்திருக்க வேண்டும். இனியாவது கணக்குப் பாடத்துக்கான பணியிடைப் பயிற்சியில் அதற்கு இடம் ஒதுக்கலாம்.