கேட்டால் தப்பில்லை

வக்கீல் ஒருவர் "என்னிடம் வாருங்கள், கேஸ் நடத்தித் தருகிறேன்" என்று நோட்டீஸ் அடித்து ஒட்ட முடியாது. பார் கவுன்சில் விதி தடுக்கிறது. ஆடிட்டர்களுக்கும் அதே கதைதான். 1949ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணை, விளம்பரத்தை மட்டுமல்ல, நேரில் போய் வேலை கேட்பதையும் தொழில்முறைத் தவறு என்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. ஆனாலும் திருப்பூரில் ஒரு சாலையில் நடந்தால் எத்தனை ஆடிட்டர் போர்டு! இவர்களுக்கெல்லாம் ஆள் எப்படி வந்தது?

வேலையை விட்டுவிட்டுத் தனியாகக் கணக்கு எழுதக் கிளம்பியவர்கள், விசிட்டிங் கார்டும் லோகோவும் அடித்துக்கொண்டு, ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது, இந்தக் கேள்வியைக் கொஞ்சம் யோசிக்கலாம். டீயைக் குடியுங்கள், மெதுவாகவே சொல்கிறேன்.

ஆடிட்டராகப் போகிறவர் முதலில் ஒரு சீனியரிடம் பயிற்சிக்குச் சேர்கிறார். ஃபைலைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போய் உட்கார்ந்து வவுச்சர் பார்க்கிறார். அங்கே இருக்கும் மேனேஜருக்கு இவர் சொந்தமில்லை, நண்பருமில்லை. "அந்தப் பையன் சரியாகப் பார்ப்பான்" என்பது மட்டும் தெரியும். அந்த மேனேஜர் பின்னாளில் தனியாக நாலு மெஷின் போடும்போது அந்தப் பையனின் ஞாபகம் வருகிறது.

இப்படி அரைகுறையாகத் தெரிந்தவர்களைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் இதை ஆராய்ந்து 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம், "அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். எப்போதாவது என்றவர்கள் 56, அபூர்வமாக என்றவர்கள் 28. சின்ன ஆய்வுதான், அதுவும் வேலை தேடியவர்களைப் பற்றியது, வாடிக்கையாளரைத் தேடியவர்களைப் பற்றியது அல்ல. ஆனால் காரணம் நமக்கும் பொருந்தும். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் உங்களுக்கும் தெரிந்தவர்களே. எப்போதாவது பார்ப்பவருக்கோ நீங்கள் கேள்விப்படாத ஆட்களைத் தெரியும்.

ஆகவே மாமாவையும் சித்தப்பாவையும் தள்ளி வைத்துவிட்டு, போனில் இருக்கும் பெயர்களைக் கீழ்வரை பாருங்கள். பழைய கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்துவிட்டு இப்போது வேறு கம்பெனிக்குப் போனவர். டேலி விற்பவர். பார்சல் ஆபீஸில் புக்கிங் பார்ப்பவர். பில் புக் அடிக்கும் பிரஸ்காரர். புது யூனிட் தொடங்குகிறவர் அவரைத் தேடி வந்துதான் ஆக வேண்டும், அவரை மட்டும் மறக்காதீர்கள். பழைய முதலாளியின் வாடிக்கையாளர்களை மட்டும் இழுக்க வேண்டாம். சின்ன ஊரில் அந்தப் பேச்சு உங்களுக்கு முன்னால் போய் நிற்கும்.

அவர்களிடம் என்ன சொல்வது? "கணக்கு எழுதுகிறேன்" என்றால் கேட்டவர் டீக்கடையைத் தாண்டுவதற்குள் மறந்துவிடுவார். "பனியன் ஜாப் ஒர்க் யூனிட்களுக்கு மாதாமாதம் நானே வந்து பில் வாங்கி, டேலியில் ஏற்றி, ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குத் தயார் செய்து தருகிறேன். இருபது முப்பது பில் இருக்கிற சின்ன யூனிட்டானாலும் சரி" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் மனதில் உடனே ஒரு முகம் வரும். "உங்களிடம் வேலை இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்று சொல்ல அவருக்குச் சங்கடம். "ரிட்டர்ன் போட முடியாமல் திணறுகிறவர் யாரையாவது தெரியுமா?" என்று கேட்டால் யாருக்கும் சங்கடமில்லை. நல்லவேளையாக, இப்படிக் கேட்கக் கூடாது என்று உங்களை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். மாத ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதிக்குள், 3பி இருபதாம் தேதிக்குள். இடைப்பட்ட நாளில் ஆடிட்டர் ஆபீஸுக்கு வேலை கேட்டுப் போனால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இருபது முடிந்த பிறகு போங்கள். சின்னக் கணக்குகளைப் பார்க்க ஆள் போதாத ஆபீஸ்கள் என்ட்ரி வேலையைக் கொடுக்கும். கூலி குறைவுதான், ஆனால் பலவிதக் கணக்குகள் கண்ணில் படும். வாரம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டால் மறுபடி சம்பள ஆள்தான் நீங்கள்.

பழக்கத்துக்காக முதல் மாதம் இலவசமாகச் செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். இலவசமாகச் செய்பவருக்குக் கடைக்காரர் பில்லைக் கடைசியாகத்தான் தருவார். பில் தாமதமானால் ரிட்டர்ன் தாமதம்; நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரி பாக்கி நின்றால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பழி உங்கள் தலையில். கூலியைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் முழுத் தொகையைப் பில்லில் எழுதி, கீழே தள்ளுபடியைக் காட்டுங்கள். முதலில் வருகிறவர் பெரும்பாலும் ஆறு மாதக் குப்பையோடுதான் வருவார். பழைய கணக்கைச் சரிசெய்யத் தனிக் கூலி பேசிக்கொள்ளுங்கள்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவையும் செய்துவிடுங்கள். ஆன்லைனில் இலவசம், ஏஜென்ட்டுக்குப் பணம் தர வேண்டாம். 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிவு செய்தவருக்கு வாடிக்கையாளர், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. முதல் வாடிக்கையாளர்மேல் யாரும் புகார் கொடுக்கப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் பில்லில் உத்யம் எண் இருக்கட்டும், வேலைக்கு முன் பாதி முன்பணமும் வாங்கிவிடுங்கள்.

அடுத்த ஆளைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்கும் நேரம் இருக்கிறது. இரண்டு ரிட்டர்ன் தேதி தவறாமல் போன பிறகு, மூன்றாவது மாதம் பில் வாங்கப் போகும்போது கேளுங்கள். இப்போதைக்கு, வருகிற 21ஆம் தேதி போனில் பார்த்த அந்தப் பெயர்ப் பட்டியலோடு உட்காருங்கள். ஒரே மெசேஜை எல்லோருக்கும் ஃபார்வர்டு செய்யாமல் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுப் பேசுங்கள்.