உங்களுக்குத் தெரியுமா? பனிக்கரடி

● உலகில் இப்போது இருக்கும் பனிக்கரடிகள் சுமார் 26,000தான்.

● பனிப்போர் காலத்திலேயே அமெரிக்கா, சோவியத் யூனியன் உள்ளிட்ட 5 நாடுகள் இவற்றைக் காக்க 1973-ல் ஒப்பந்தம் போட்டன. அன்றைய எதிரி, வேட்டைக்காரர்கள்.

● இன்றைய எதிரி வெப்பம். கடல்பனியில் உள்ள துளையருகே காத்திருந்து, மூச்சுவிட மேலே வரும் சீல்களைப் பிடிப்பதுதான் இவற்றின் வேட்டை. பனி உருகினால் பட்டினிதான். இதனால் 2008-ல் அமெரிக்கா இவற்றை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது.

● தாய் கைவிட்ட, பெர்லின் உயிரியல் பூங்காவின் பனிக்கரடிக் குட்டி ‘க்னூட்’, 2007-ல் ‘வேனிட்டி ஃபேர்’ இதழின் அட்டைப்படத்தில் நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோவுடன் இடம்பிடித்தது.

● கனடாவின் சர்ச்சில் ஊரில் பலர் கார் கதவைப் பூட்டுவதில்லை. கரடி எதிர்ப்பட்டால் யாரும் ஏறித் தப்பிக்கலாமே!

● பிப்ரவரி 27, சர்வதேசப் பனிக்கரடி தினம்.