வெயிலில் வளையும் குருதி

தோஹா நகரின் தென்மேற்கே, இலக்கமிடப்பட்ட தெருக்களோடு விரிந்து கிடக்கிறது தொழில்பேட்டை. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிழைப்புத் தேடிச் சென்ற எம்மவர் பலர் அங்குள்ள பட்டறைகளிலும் விடுதிகளிலும் காலம் கழிக்கின்றனர். கோடை நாளொன்றின் முடிவில் ஒருவர் "எலும்புக்குள் நோகிறது" என்றால், அறைத்தோழர் அதனைக் களைப்பு என்பர். மேற்பார்வையாளர் சோம்பல் என்பார். பெரும்பாலும் அது களைப்பே. ஆயினும் ஒரு சிலருக்கு அது பிறப்போடு வந்த நோயொன்றின் அறிகுறியாக இருக்கக்கூடும்.

அரிவாள் செல் குருதிச்சோகை தொற்றுநோய் அன்று. பெற்றோர் வழி வருவது. இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெற்றவர் நோயாளி. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் காவி. அவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். நோயாளியின் உடலில் நீர் வற்றும்போதும் ஒட்சிசன் குறையும்போதும் செங்குழியங்கள் அரிவாள் போல் வளைந்து விறைத்து, நுண்ணிய குருதிக் குழாய்களை அடைத்துவிடுகின்றன. வெளியே அனல் வெயில், உள்ளே குளிரூட்டியின் கடுங்குளிர் என இரண்டுமே இதனைத் தூண்டவல்லன.

அடைப்பு எலும்பில் நேர்ந்தால் தாங்கொணா வலி. நாளடைவில் இடுப்பு மூட்டே சிதைந்து போகலாம். நுரையீரலில் நேர்ந்தால் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும். மூளையில் நேர்ந்தால் பக்கவாதம். மண்ணீரல் செயலிழப்பதால் சாதாரணக் காய்ச்சலும் உயிராபத்தாகலாம். சிறுநீரகமும் கண்ணும் ஓசையின்றிப் பழுதடைகின்றன.

இது ஆபிரிக்கரின் நோய் என்று எண்ணுவோர் எம்மிடையே பலர். ஆனால் 1952ஆம் ஆண்டிலேயே நீலகிரிப் பழங்குடியினரிடம் இது கண்டறியப்பட்டது. சவூதியின் கிழக்கு மாகாணத்திலும் இந்தியாவிலும் காணப்படும் மரபணு வகை ஒன்றே. அதனை அறிவியலாளர் 'அரபு-இந்திய வகை' என்பர். 2047க்குள் இந்நோயை ஒழிப்பதற்கான தேசியத் திட்டத்தை இந்திய அரசு 2023 ஜூலையில் தொடக்கியது.

காவியர் வெயிலில் உழைக்கலாமா? அமெரிக்கப் படையின் அனுபவம் இதற்கு விடை தருகிறது. அங்கு பயிற்சியின்போது காவியரான கறுப்பினப் புதுப்படையினர் திடீரென மாளும் வாய்ப்பு ஏனைய கறுப்பினத்தவரைவிட ஏறத்தாழ 28 மடங்கு என 1987இல் அறியப்பட்டது. பின்னர் தண்ணீரும் ஓய்வும் கட்டாயமாக்கப்பட்டன. ஏறத்தாழ 48,000 கறுப்பினப் படையினரை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில் அந்த மரண வேறுபாடு காணப்படவில்லை. கடும் உழைப்பில் தசை சிதையும் ஆபத்து மட்டும் காவியரிடம் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஆக, அவர்களைக் கொன்றது குருதி மட்டுமன்று; தண்ணீரும் ஓய்வும் மறுக்கப்பட்ட உழைப்புமே.

கட்டாரில் 2021ஆம் ஆண்டின் ஆணைப்படி, ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. குளிர்ந்த குடிநீர் வழங்குவதும் முதலாளியின் கடமை. இவை சலுகைகள் அல்ல, உரிமைகள் என்பதை எம்மவர் உணர்தல் வேண்டும்.

விமானம் ஏறுமுன், குடும்பத்தில் இந்நோய் இருப்பின், ஈமோகுளோபின் பரிசோதனை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். நோயாளர் வைத்தியர் தரும் ஹைட்ரொக்சியூரியா மாத்திரையை இடைவிடாது உட்கொள்ள வேண்டும். காய்ச்சல், நெஞ்சுவலி, கைகால் மரத்தல் ஏற்படின் விடியும்வரை காத்திராது 999ஐ அழையுங்கள். அறைத்தோழருக்கும் நோயின் பெயரைச் சொல்லி வையுங்கள். மயங்கி வீழ்ந்தவருக்காக வைத்தியரிடம் பேசவேண்டியவர் அவரே.